செவ்வாயில் இறங்க ஒரு மேற்கட்டி

எங்கள் தெருவில் கலியாணம் நிச்சயமானால், சோதிடரிடம் போகும் முன்பே அம்மாவிடம் வந்து நாள் கேட்பார்கள். அன்றைக்கு மேற்கட்டி சும்மா இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். மணவறைக்கு மேலே விரித்துக் கட்டும் வெள்ளைத் துணியை மேற்கட்டி என்போம். மற்றத் தெருக்களில் வெளுத்த வேட்டிகளைப் பொருத்திக் கட்டினார்கள். எங்கள் தெருவில் கட்டியது ஒரு பரசூட்.

வெள்ளைக்காரன் திருகோணமலையை விட்டுப் போன காலத்தில், துறைமுகக் களஞ்சியத்தில் வேலை செய்த அப்பா அதைச் சீனக்குடா விமானத்தளத்திலிருந்து கொண்டுவந்தார். ஆள் கட்டிக்கொண்டு குதிக்கிற பெரிய பரசூட் அல்ல. சாமான் இறக்குகிற சின்னது, விரித்தால் பத்தடி அகலம் வரும். அம்மா முதல் வேலையாக அதன் கயிறுகளை அறுத்துக் கிணற்றடியில் உடுப்புக் காயப்போடக் கொடி கட்டினார். பிறகு துணியை நீலம் போட்டு அலசி, தன் கலியாணக் கூறைச்சேலைத் தலைப்பிலிருந்து ஒரு சிவப்புத் தாமரையை வெட்டி நடுவில் வைத்துத் தைத்தார். அப்பா போனபிறகும் அந்தத் துணி அலுமாரியின் மேல்தட்டில் கற்பூர உருண்டைகளோடு இருந்தது. அதற்குக் கீழே இருபத்திரண்டு கலியாணம் நடந்திருந்தது. இருபத்துமூன்றாவது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பட்டணத்துப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் பௌதிகம் படிப்பித்தேன். பேராதனைக்குப் போய் அந்தப் படிப்பைப் படித்து வந்த பெண் எங்கள் பக்கத்தில் நான் ஒருத்திதான். பெண்பிள்ளை பௌதிகம் படித்தால் என்ன ஆகும் என்று தாய் தகப்பன்மார் யோசிக்கும்போது அவர்கள் கண்முன்னால் நிற்கிற உதாரணமும் நான்தான். கலியாணமாகாத, வாய் நீண்ட, குடை பிடிக்காமல் வெயிலில் நடக்கிற உதாரணம். இதை என் முகத்துக்கு நேரே ஒருவரும் சொன்னதில்லை. வராமல் போன கடிதங்கள் சொல்லின.

அந்தக் கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பள்ளியில் உயர்வகுப்புப் பௌதிகம் ஒரு வருடத்துக்குச் சோதனையாகத்தான் தொடங்கியது. அடுத்த வருடமும் நடக்க வேண்டுமென்றால் எட்டுப் பிள்ளைகளாவது சேர வேண்டும், எட்டுப் பேரின் பெற்றோரும் கையெழுத்து வைத்த சம்மதக் கடிதம் வேண்டும் என்று அதிபர் அம்மா சொல்லிவிட்டார். அவரும் நல்ல மனிசிதான். மேலிடத்தில் அப்படிக் கேட்டார்கள். எட்டுச் சேராவிட்டால் பிள்ளைகள் மனையியலுக்குப் போவார்கள், நான் வேறு மாவட்டத்துக்குப் போவேன். ஆடி மாதம் என் கையில் மூன்று கடிதம் இருந்தது.

நான்காவது கடிதம் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும். தங்கச்சிக்குப் பதினேழு வயது, கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி, வகுப்பில் சேரத் துடித்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"ஒரு வீட்டுக்கு ஒண்டு போதும்."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. எனக்கு ரோசம் அதிகம். ஊராரிடம் எட்டுத் தரம் கெஞ்சுவேன், சொந்தத் தாயிடம் இரண்டாம் தரம் கேட்க மாட்டேன்.

அந்த ஆடியில்தான் அமெரிக்காக்காரர் செவ்வாயில் ஒரு விண்கலத்தை இறக்கினார்கள். ஆளில்லாத கலம். மூன்று காலும் ஒரு நீண்ட கையும் கமராக் கண்ணும் உள்ள இயந்திரம். பத்திரிகையில் படம் வந்தது. வெறும் மண்ணும் கல்லும். எங்கள் ஆசிரியர் அறையில் படம் கைமாறியபோது, "உது நிலாவெளி றோட்டைப் போலக் கிடக்கு, இதுக்கு அவ்வளவு தூரம் போகவேணுமே?" என்று சங்கீத ரீச்சர் கேட்டார். எல்லாரும் சிரித்தோம்.

எனக்கு அந்தக் கல்லில் அக்கறையில்லை. அது எப்படி அங்கே இறங்கியது என்பதுதான் என் தலைக்குள் ஓடியது. காற்று அடர்த்தியான இடம் என்றால் பரசூட் போதும். நிலாவைப் போலக் காற்றே இல்லாத இடம் என்றால் முழுக்க ரொக்கெட்டை நம்பி இறங்கலாம். செவ்வாய் இரண்டும் கெட்டான். எங்கள் காற்றில் நூறில் ஒரு பங்கு போலத்தான் அங்கே உண்டு. பாய்ந்து வருகிற கலத்தை எரிக்க அது போதும், நிறுத்தப் போதாது. அதனால் முதலில் சூடு தாங்கும் மூடி, பிறகு பரசூட், அதுவும் போதாமல் கடைசியில் ரொக்கெட் என்று மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்திருந்தார்கள். அந்த ரொக்கெட் ஒவ்வொன்றிலும் பதினெட்டுச் சின்னத் துவாரம். ஒரே துவாரத்தால் ஊதினால் கீழே உள்ள மண் கருகிப் பறந்துவிடுமாம். ஆராயப் போன மண்ணையே கெடுத்துவிட்டால் போனதில் என்ன பயன்?

இன்னொன்றும் என்னை விடவில்லை. அங்கிருந்து ஒரு செய்தி இங்கே வந்துசேரப் பத்தொன்பது நிமிடத்துக்குக் கிட்ட எடுத்தது. 'இறங்கத் தொடங்கிவிட்டேன்' என்று கலம் சொல்வது இவர்கள் காதில் விழும்போது அங்கே எல்லாம் முடிந்திருக்கும். முழுசாக நிற்கும், அல்லது நொறுங்கிக் கிடக்கும். நடுவில் இங்கிருந்து யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அதுவே தீர்மானித்து இறங்க வேண்டும். இவர்கள் கையைப் பிசைந்துகொண்டு இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி தொடங்கும் முதல் சனிக்கிழமை எங்கள் பள்ளியில் விஞ்ஞானக் கண்காட்சி. பெற்றோர் எல்லாரும் வருவார்கள். அன்றைக்கு அவர்கள் கண்முன்னால் பாரமான ஒரு பெட்டியை வானத்திலிருந்து இறக்கிக் காட்டுவேன், மேலே வைத்த கண்ணாடி உடையாமல் இறக்குவேன், அதற்குப் பிறகு யார் கையெழுத்து வைக்காமல் போகிறார்கள் பார்ப்போம் என்று முடிவு கட்டினேன். அந்த வயதில் எனக்கு அப்படித்தான் யோசனை வரும்.

மைதானத்து மூலையில் பட்டாளக்காரர் காலத்து இரும்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்று நின்றது. அறுபதடி உயரம். ஒரு தேயிலைப் பெட்டிக்கு மூன்று கட்டைக் கால்களை அடித்தேன். உள்ளே ஐந்து கிலோ மணல். மேலே அரிக்கன் லாம்பின் கண்ணாடிச் சிமினி. எங்கள் ஊரில் சிமினியின் அருமை தெரியாத வீடு இல்லை. பரசூட்டுக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"பள்ளிக்கூட மண்டபத்தில கட்டத்தானே?" என்று அம்மா கேட்டார்.

"ஓம்" என்றேன். அது பச்சைப் பொய்.

மேலே ஏறுவதற்கு ஆள் கிடைக்காமல் முதல் நாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நானே ஏறினேன். நான் கீழே இறங்கி வீட்டுக்குப் போகும் முன்பே அந்தக் கதை தெருவுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் உதவிக்கு ஒரு நானா கிடைத்தார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம். கிண்ணியாக்காரர், துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவர், கப்பலிலிருந்து வள்ளத்துக்குப் பாரம் இறக்குவதே அவர் தொழில். அவருடைய மகள் என் வகுப்புக்கு வர ஆசைப்பட்டாள். மகளைச் சேர்ப்பதா விடுவதா என்று என்னை விசாரித்துப் போக வந்தவர், நான் தாங்கியில் தொங்குவதைப் பார்த்துப் பதறிப்போனார்.

"ரீச்சர், நீங்க இறங்குங்க. உது என்ட வேல."

அவருக்குச் செவ்வாய் விசயத்தை விளக்கினேன். பெட்டியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்கு ஆக்கினால் பாரம் எட்டு மடங்கு ஆகும், காற்றைப் பிடிக்கிற முகம் நாலு மடங்குதான் ஆகும், அதனால்தான் பாரமான கலத்தை இறக்குவது இவ்வளவு சிரமம் என்றேன். நானா தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"அப்ப கயித்தில கட்டி இறக்கினா என்ன?"

"கயித்தை எங்க கட்டுறது, நானா? அங்க வானத்தில ஆணியா அடிச்சிருக்கு?"

"மேல நிக்கிற சாமானிலதான். ரொக்கட்டு மேல நிக்கட்டும், பெட்டிய மட்டும் கீழ விடட்டும். நாங்க அப்புடித்தான் செய்யிற."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். பட்டதாரி அல்லவா! எத்தனையோ வருடம் கழித்து, நான் பென்சன் எடுத்த பிறகு, ஒரு தொன் பாரமான வண்டி ஒன்றைச் செவ்வாயில் இறக்கினார்கள். ரொக்கெட்டுகள் மேலே நிற்க, வண்டியைக் கயிற்றில் கட்டித்தான் கீழே விட்டார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நானாவிடம் மன்னிப்புக் கேட்க அவர் அப்போது இல்லை.

சோதனைக்கு வருவோம். அது கச்சான் காற்று வீசுகிற காலம். பத்து மணிக்குப் பிறகு தரையிலிருந்து சுடுகாற்று கிளம்பி மணலை வாரி முகத்தில் அடிக்கும். அதனால் விடிந்ததும் தொடங்குவோம். அறுத்த கயிறுகளுக்குப் பதிலாக வலை கட்டும் நூலை முறுக்கிக் கட்டியிருந்தேன். மேலிருந்து துணியை ஒரு கழியில் தொங்கவிட்டு முடிச்சை இழுப்போம், முதல் இரண்டு நாள் நான், பிறகு நானா. குடை படாரென்று விரியும். அதுவரைக்கும் அழகு. பிறகு பெட்டி ஆடத் தொடங்கும். இந்தப் பக்கம் ஒரு வீச்சு, அந்தப் பக்கம் ஒரு வீச்சு. தரைக்கு வரும்போது சரிந்து வந்து ஒரு மூலையால் குத்தும். சிமினி தூள்.

முதல் நாள் காற்றைக் குற்றம் சொன்னேன். இரண்டாம் நாள் காற்றே இல்லை, கயிறுகளைக் குற்றம் சொன்னேன். கயிறுகளை அளந்து கட்டிய பிறகும் மூன்றாவது சிமினி உடைந்தது. மேலே நின்ற நானாவைக் குற்றம் சொன்னேன். பாவம், அவர் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். இடியைத் தாங்க மூன்று கால்களின் கீழும் பனையோலைக் கடகங்களைக் கவிழ்த்துக் கட்டலாம் என்று சொன்னது அவர்தான். அமெரிக்காக்காரரும் காலுக்குள் நசுங்குவதற்கென்றே மெல்லிய தகட்டைத் தேன்கூடு போலச் செய்து வைத்திருந்தார்கள் என்று பிறகு வாசித்தேன். கடகம் இடியைத் தாங்கும். ஆட்டத்தை என்ன செய்வது?

விடை நூலகத்தில் இருந்தது. அங்கே வந்த ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் அந்தப் பரசூட்டின் படம் போட்டிருந்தார்கள். உச்சியில் வட்டமாக ஓர் ஓட்டை. அதற்குக் கீழே துணியைச் சுற்றி ஒரு இடைவெளியும் விட்டிருந்தார்கள். உள்ளே அடைபடுகிற காற்று நேராக வெளியே போக ஒரு வழி வேண்டும். வழியில்லாவிட்டால் அது ஒரு தரம் இந்த ஓரத்தால் வழியும், மறுதரம் அந்த ஓரத்தால் வழியும். குடை ஆடாமல் என்ன செய்யும்? எங்கள் பரசூட்டில் ஓட்டை இல்லையே என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் அந்தத் தாமரை ஞாபகம் வந்தது. சஞ்சிகையை விரித்தபடி மேசையில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

தாமரையின் அடியைத் தடவினேன். இரண்டு கை அகலத்துக்கு வட்டமான ஓட்டை. அதற்கு மேலே வெள்ளைத் துணி வைத்து, அதன் மேலே சிவப்புத் தாமரையை வைத்து, எறும்பு ஊருகிற மாதிரி நெருக்கி நெருக்கித் தையல். உலகத்திலேயே பரசூட்டின் ஓட்டையை அடைத்துப் பூப்போட்டவர் அம்மா ஒருவராகத்தான் இருக்கும். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு நான் நிலத்தில் இருந்தபோது, கிணற்றடியிலிருந்து அம்மா உள்ளே வந்தார்.

"என்ன செய்யிறாய்?"

"இதைக் கழட்ட வேணும், அம்மா. அடியில ஓட்டை இருக்கு."

"இருக்கெண்டு எனக்குத் தெரியாதே? நான்தானே அடைச்சனான்."

"அது இருக்க வேண்டிய ஓட்டை. காத்துப் போக வைச்சது."

"ஓட்டை மேற்கட்டிக்குக் கீழ ஆரும் பொம்பிளைப் பிள்ளையைக் கொண்டுவந்து இருத்துவினமோ? அபசகுனம்." அம்மாவின் குரல் உயர்ந்தது. "மண்டபத்தில கட்ட எண்டு சொல்லிக் கொண்டுபோய் தண்ணித் தாங்கியில இருந்து எறிஞ்சனீயாம். தெருவெல்லாம் கதை. நான் கேக்காமல் இருந்தனான். அந்தத் தாமரை என்ர கூறை. உனக்கெண்டு வைச்சிருக்கிறன்."

பொய் பிடிபட்டால் எனக்கு வெட்கம் வராது, கோபம்தான் வரும்.

"உலை கொதிக்கேக்க மூடி என்ன செய்யுது? இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுதோ இல்லையோ? கொஞ்சம் விலத்தி விட்டால் நிக்குதோ இல்லையோ? அவ்வளவுதான் விசயம். உங்கட தாமரையாலதான் மூண்டு சிமினி உடைஞ்சது. இதால என்ர வகுப்பும் போகப்போகுது."

"உனக்கு வகுப்புத்தான் பெரிசு."

"ஓம். எனக்கெண்டு நீங்கள் ஒண்டும் வைச்சிருக்க வேண்டாம்."

சொன்னதும் நாக்கைக் கடித்தேன். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க வழியில்லை. அம்மா என் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கினார், துணியை நாலாக மடித்தார், அலுமாரியில் வைத்துப் பூட்டினார், திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குசினிக்குள் போனார். கண்காட்சிக்கு ஒன்பது நாள் இருந்தது.

அந்த ஒன்பது நாளும் நாங்கள் பேசவில்லை. சோறு மேசையில் இருக்கும், நான் சாப்பிடுவேன். தேவையான வார்த்தைகள் தங்கச்சி வழியாகப் போய் வந்தன. "அக்காவிட்ட கேள், முட்டை வேணுமோ எண்டு." "அம்மாவிட்ட சொல், வேண்டாமாம்." நான் போர்வை ஒன்றை வெட்டி வட்டமாகத் தைத்து, உச்சியில் ஓட்டையும் வைத்தேன். பருத்தித் துணி காற்றையெல்லாம் ஒழுக விட்டது. ஆட்டம் நின்றது, வேகம் நிற்கவில்லை. நாலாவது சிமினியும் போனது. மணலைக் குறைக்கலாம் என்று நானா சொன்னார். பாரமில்லாததை யாரும் இறக்குவார்கள், அதைக் காட்டி என்ன பயன் என்று அவர் மீது எரிந்து விழுந்தேன்.

வேறு மாவட்டத்தில் அறை எடுத்து இருப்பதைப் பற்றிக் கூட யோசிக்கத் தொடங்கினேன். அந்தப் பிள்ளைகளின் முகம்தான் வந்து வந்து நின்றது. நானாவின் மகள் விடுமுறையிலேயே பாடப்புத்தகத்தின் பாதியை வாசித்து முடித்திருந்தாள்.

கண்காட்சி நாள் காலை எட்டு மணிக்கு மைதானம் நிறைந்துவிட்டது. குச்சவெளியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்தவர்கள், சல்லியிலிருந்து நடந்து வந்தவர்கள், மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்தவர்கள். அதிபர் அம்மா முன்வரிசைக் கதிரையில். நான் போர்வைப் பரசூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன பொய் சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்தபடி தாங்கியின் கீழே நின்றேன்.

அம்மா வந்தார். நல்ல சேலை உடுத்திருந்தார், இடுப்பில் ஒரு வெள்ளைத் துணி மூட்டை. என்னைத் தாண்டிப் போய் மூட்டையை நானாவின் கையில் கொடுத்து ஏதோ சொன்னார். பிறகு பெண்கள் பக்கம் போய் இரண்டாம் வரிசையில் இருந்தார். என் பக்கம் திரும்பவேயில்லை.

நானா கயிறுகளைப் பெட்டியில் மாட்டிவிட்டு மூட்டையோடு ஏணியில் பாதி தூரம் ஏறிவிட்டார்.

"நானா, நில்லுங்கோ! அது ஆடும்! போர்வையைக் கொண்டு போங்கோ!"

அவர் கீழே பார்க்கவில்லை. கேட்டதா, கேட்காதது போல ஏறினாரா தெரியாது. பேசாமல் இருந்த ஒன்பது நாளுக்கும் அம்மா எனக்கு இப்படிப் பழிவாங்குகிறார் என்றுகூட நினைத்தேன். அவ்வளவு கெட்ட மனம் எனக்கு. எல்லார் முன்னாலும் அது ஆடி, குத்தி, உடையப் போகிறது. தாமரையைக் கழற்ற இனி நேரமில்லை. மேலே போய்ச் சொல்லவும் வழியில்லை. நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடிச்சு அவிழ்ந்தது. துணி படாரென்று விரிந்தது. விரிந்த வெள்ளையின் நடுவில் வட்டமாக நீல வானம் தெரிந்தது.

தாமரை இல்லை. அதன் கீழே வைத்துத் தைத்த துணியும் இல்லை. ஓட்டையின் ஓரம் பிரியாமல் சுற்றிவர மடித்துத் தைத்திருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அந்த நேரம் கண்ணில் தண்ணீர் வந்து ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. பெட்டி ஆடவில்லை. ஒரு தரம் லேசாகச் சுழன்றது, பிறகு நேராக, ஆறுதலாக இறங்கியது. கடகங்கள் மூன்றும் நறநறவென்று நசுங்கின. பெட்டி கொஞ்சம் சரிந்து நின்றது. துணி மெல்லப் படுத்தது. சிமினி வெயிலில் மின்னிக்கொண்டு முழுசாக இருந்தது.

சத்தம் மைதானத்தைத் தூக்கியது. சங்கீத ரீச்சர் எழும்பி நின்று கை தட்டினார். நானா மேலேயிருந்து இரண்டு கையையும் விரித்து அல்லாவைப் புகழ்ந்தார். நான் சிமினியைக் கையில் எடுத்துக்கொண்டு பெற்றோரைப் பார்த்துப் பேசினேன். உண்மையைத்தான் சொன்னேன்: செவ்வாயில் இந்தப் பரசூட் மட்டும் போதாது, அங்கே காற்று மெல்லிசு, இதைவிடப் பாரமானதை இறக்க ஒரு வழியை இனித்தான் யாராவது கண்டுபிடிக்க வேண்டும், அது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம். பேசி முடித்துப் பார்த்தபோது அம்மாவின் கதிரை வெறுமையாக இருந்தது. மத்தியானச் சமையலுக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு நாலு பேர் கையெழுத்து வைத்தார்கள். முதல் ஆள் நானா. பேனையைத் துறைமுகக் கொக்கியைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்து எழுதினார். ஏழு கடிதம் ஆயிற்று. அதிபர் அம்மா இரண்டு தரம் எண்ணினார்.

"ஏழை எட்டெண்டு எழுத என்னால ஏலாது, பிள்ளை. திங்கள் காலமை வரைக்கும் பாக்கிறன்."

வீட்டுக்கு நடந்து வந்தேன். கச்சான் தொடங்கியிருந்தது, முகமெல்லாம் மணல். எட்டாவது கடிதத்துக்கு எங்கே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். ரோசத்தைத் தெருவிலேயே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும் என்பதும் தெரியும். வாசலில் தங்கச்சி நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு எனக்குப் பிடிபடவில்லை.

அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அடுப்பில் உலை கொதித்தது. மூடியைக் கொஞ்சம் விலத்தி வைத்திருந்தார்.

"அம்மா" என்றேன். ஒன்பது நாளுக்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொல்லவே கூச்சமாக இருந்தது. "தங்கச்சிக்கு ஒரு கையெழுத்து…"

"அலுமாரியில, மேற்கட்டி வைக்கிற தட்டில பார்." அம்மா திரும்பவில்லை. "திறப்பு அதிலதான் கிடக்கு."

மேல்தட்டில் தாமரை இருந்தது. ஓர் இதழும் கிழியாமல், தையலை ஒவ்வொன்றாக ஊசியால் பிரித்து எடுத்திருந்தார். அதற்குள் நாலாக மடித்த சம்மதக் கடிதம். என் புத்தகப் பையிலிருந்து தங்கச்சி எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். கீழே அம்மாவின் கையெழுத்து, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, கோட்டுக்கு மேலே ஏறி. பக்கத்தில் திகதி. விரலை மடித்து எண்ணிப் பார்த்தேன். நாங்கள் சண்டை பிடித்ததற்கு அடுத்த நாள்.

கடிதத்தோடு குசினி வாசலில் போய் நின்றேன். எட்டு நாள் இந்தக் கடிதம் இந்தத் தட்டில் இருந்திருக்கிறது. நான் பக்கத்து அறையில் போர்வை தைத்துக்கொண்டு, அறை எடுத்துப் போவதை யோசித்துக்கொண்டு, அம்மாவை மனதுக்குள் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"அடுத்த நாளே வைச்சிட்டீங்களோ?"

"காலமை உலை வைச்சனான். மூடியைப் பாத்தன். நீ சொன்னது சரிதான்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அம்மா துருவுவதை நிறுத்தினார். ஒன்பது நாளில் முதல் தரமாக என் முகத்தைப் பார்த்தார்.

"நீ எங்க என்னோட கதைச்சனீ?"